மூடி வைத்த நகர்வு

சதுரங்கப் பலகை ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு ராஜா எஃப்3-ல், யானை எச்7-ல், சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5 கட்டங்களில். கறுப்புக்கு ராஜா எஃப்8-ல், யானை சி6-ல், சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5 கட்டங்களில். இரண்டு பக்கமும் ஒரு யானை, ஐந்து சிப்பாய். நகர்த்த வேண்டியது வெள்ளை.

1924 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த போட்டியில் வந்த நிலை இது. வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்தவர் கியூபாவின் ஹோசே ரவுல் காப்பாபிளாங்கா, அன்றைய உலக சாம்பியன். எதிரே சவியெலி தார்தகோவர். இந்தப் பத்திக்குக் கீழே இருப்பதை ஒரு தாளால் மூடிவிட்டு, வெள்ளை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நகர்வை முடிவுசெய்யுங்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டால் போதாது, எழுதுங்கள். பக்கத்தில் ஒரு வரி, ஏன் அந்த நகர்வு என்று.

பழகாத கண் முதலில் போய் நிற்பது சி3 சிப்பாயின் மேல். கறுப்பு யானை அதை வெட்டப் பார்க்கிறது. காப்பாற்றலாம் என்றால், எச் வரிசையில் இருக்கும் நம் யானை கீழே எச்3-க்கு வந்தாலும் குறுக்கே நம் ராஜாவே நிற்கிறார். ராஜாவை அருகே கொண்டுபோகவும் நேரமில்லை. காப்பாபிளாங்கா அந்தச் சிப்பாயைக் காப்பாற்ற முயலவே இல்லை. ராஜாவை ஜி3-க்கு நகர்த்தினார். கறுப்பு யானை சி3-ஐ வெட்டிச் செக் சொன்னது. ராஜா எச்4-க்கு ஏறினார். கறுப்பு யானை எஃப்3-க்கு வந்து அடுத்த சிப்பாயைக் குறிவைத்தது. அதையும் விட்டுக்கொடுத்து, ஜி சிப்பாயை ஆறாம் வரிசைக்குத் தள்ளினார். யானை எஃப்4-ஐ வெட்டி மறுபடியும் செக். ராஜா ஜி5-க்குப் போனார். யானை இ4-க்கு ஒதுங்கியது. இப்போது எஃப்5-ல் ஒரு கறுப்புச் சிப்பாய் காவலின்றி நிற்கிறது. வெட்டலாம். அவர் வெட்டவில்லை. ராஜாவை எஃப்6-ல் கொண்டுபோய் வைத்தார்.

இரண்டு சிப்பாய் குறைந்த நிலையில், கைக்கெட்டிய சிப்பாயை வெட்டாமல் விட்ட அந்த நகர்வில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஏழாம் வரிசையில் யானை, ஜி6-ல் சிப்பாய், எஃப்6-ல் ராஜா. மூன்றும் சேர்ந்து கறுப்பு ராஜாவை ஓரத்தில் அடைத்துவிட்டன. அடுத்து யானை எச்8-க்குப் போனால் மேட். வெட்டாமல் விட்ட எஃப்5 சிப்பாயோ, எஃப் வரிசையில் பின்னாலிருந்து செக் வராதபடி வெள்ளை ராஜாவையே மறைத்து நிற்கிறது. கறுப்பு ராஜா ஜி8-க்கு விலகினார். யானை ஜி7-ல் செக் சொல்லி, சி7 சிப்பாயை வெட்டியது. எட்டாம் வரிசையில் மேட் விழாமல் காக்கக் கறுப்பு யானை அங்கே ஓடிவர வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் காப்பாபிளாங்கா எஃப்5-ஐ வெட்டினார். விட்டுக்கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டு வென்றார். இர்விங் செர்னெவ் 1965-ல், கற்பவர்களுக்குப் பாடமாகக்கூடிய 62 ஆட்டங்களைத் தொகுத்து வெளியிட்டபோது முதல் ஆட்டமாக இதைத்தான் வைத்தார்.

தாளால் மூடச் சொன்னேன் அல்லவா, இந்த அத்தியாயம் அந்தத் தாளைப் பற்றியது.

வல்லவர்களின் ஆட்டங்களைப் படித்தால் நம் ஆட்டம் வளரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எந்த மாதிரிப் படிப்பு வளர்க்கிறது, எது வெறுமனே பொழுதைப் போக்குகிறது? உளவியலாளர்கள் இதை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துப் பார்த்துவருகிறார்கள். அவர்களுக்குச் சதுரங்கம் மிகவும் வசதியான களம். ஒரு பாடகரோ மருத்துவரோ எவ்வளவு தேர்ந்தவர் என்பதை எண்ணால் சொல்ல முடியாது. சதுரங்கத்தில் ரேட்டிங் சொல்லிவிடுகிறது.

தொடங்கிவைத்தவர் நெதர்லாந்தின் அட்ரியான் டி க்ரூட். உளவியலாளர், தன் நாட்டுக்காக ஒலிம்பியாடில் ஆடியவரும்கூட. 1938-ல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டிக்கு உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். அலெகைன், கேரெஸ், யூவே போன்றவர்கள் முன்னால் ஒரு நிலையை வைத்து, வாய்விட்டு யோசிக்கச் சொன்னார் டி க்ரூட். அதே நிலையைச் சாதாரண மன்ற ஆட்டக்காரர்களிடமும் கொடுத்தார். உலக சாம்பியன்கள் பத்துப் பதினைந்து நகர்வு முன்னே கணக்குப் போடுவார்கள், நாம் இரண்டு மூன்றோடு நின்றுவிடுவோம் என்பதுதான் பொதுநம்பிக்கை. 1946-ல் வெளியான அவருடைய ஆய்வேட்டில் கிடைத்த விடை வேறு. கணக்கின் ஆழத்திலும் அகலத்திலும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல நகர்வு எது என்பது வல்லவர்களின் கண்ணில் முதல் சில விநாடிகளிலேயே பட்டுவிடுகிறது. மற்றவர்கள் தப்பான நகர்வுகளை உழைத்து உழைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த முதல் பார்வை எங்கிருந்து வருகிறது? 1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த சோதனை இதற்கான பதிலின் பாதியைத் தந்தது. உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலை. சுமார் 25 காய்கள். 5 விநாடி மட்டும் காட்டி மறைத்துவிடுவார்கள். நினைவிலிருந்து மறுபடி அடுக்க வேண்டும். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். நடுத்தர ஆட்டக்காரர் 8. புதிதாகக் கற்றவர் 4. பிறகு அதே எண்ணிக்கைக் காய்களைத் தாறுமாறாகப் பலகையில் இறைத்துவிட்டுச் சோதித்தார்கள். மாஸ்டரும் புதியவரும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டார்கள். சில காய்களுக்கு மேல் யாருக்கும் நினைவில்லை. மாஸ்டரின் மூளையில் பொதுவான நினைவாற்றல் எதுவும் கூடுதலாக இல்லை. அவர் 25 தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. கோட்டை கட்டிய ராஜாவும் அவர் முன்னே மூன்று சிப்பாயும் சேர்ந்து அவருக்கு ஒரே பொருள். இப்படி அர்த்தமுள்ள தொகுப்புகள் ஒரு மாஸ்டரின் நினைவில் 50,000 அளவுக்கு இருக்கலாம் என்று சைமனின் குழு மதிப்பிட்டது. தாறுமாறான அடுக்கிலும் மாஸ்டர்களுக்குச் சிறிதளவு கூடுதல் நினைவு இருப்பதை 1996-ல் பெர்னான் கோபே சைமனோடு சேர்ந்து காட்டினார். அங்கும் தற்செயலாக ஒன்றிரண்டு பழகிய தொகுப்புகள் அமைந்துவிடுகின்றன.

ராமேசுவரம் தீவில் பிறந்தவர்களுக்கு இது புரியக் கஷ்டமில்லை. பாம்பனுக்கு வடக்கே இருப்பது வடகடல், தெற்கே இருப்பது தென்கடல். ஆடியில் கச்சான் வீசும்போது தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை பிடித்தால் நிலைமை தலைகீழ். அனுபவப்பட்ட மீனவர் கரையில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்றைக்கு வலையை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று சொல்லிவிடுவார். காற்று, நீரின் நிறம், அலை உடைகிற விதம், பறவை கூடுகிற இடம் என்று தனித்தனியாக அவர் கூட்டிப் பார்ப்பதில்லை. எல்லாம் சேர்ந்த ஒரு நிலையாகத்தான் அது அவர் கண்ணில் படுகிறது. அந்த நிலையோடு, செய்ய வேண்டிய வேலையும் ஒட்டிக்கொண்டே வருகிறது. அவரை அரபிக் கடலோரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவரும் புதியவர்தான்.

சதுரங்கத்தில் ஒரு நிலையோடு ஒட்டிக்கொண்டு வரும் வேலைக்கு, எனக்குத் தெரிந்து மிக அழகான உதாரணம் நம்மூர்க்காரர் ஒருவருடையது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு பழைய ஆட்டம்.

1907 டிசம்பர், போலந்தின் லோட்ஸ் நகரம். ரோட்லெவி என்பவருக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய அகிபா ருபின்ஸ்டைன் இரண்டு மந்திரிகளையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில், பி6-லும் பி7-லும் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்றின் பார்வை ஜி1 கட்டத்தை நோக்கி, இன்னொன்றின் பார்வை எச்1 மூலையை நோக்கி. வெள்ளை தன் எஃப் சிப்பாயையும் இ சிப்பாயையும் முன்னே தள்ளியதும் ஜி1-க்குப் போகும் சாய்வுப் பாதை திறந்துகொண்டது. பி6-லிருந்து செக் வந்தது. ராஜா ஒதுங்க மூலைதான் மிச்சம். அந்த மூலையிலோ மற்ற மந்திரி காத்திருக்கிறார். ஒரு மந்திரி ராஜாவை விரட்டி இன்னொரு மந்திரியின் பாதையில் கொண்டுபோய் விடுகிறார், ஜி4-ல் குதிரை வந்து உட்காருகிறது, எச்4-க்கு ராணி வருகிறார். வெள்ளைச் சிப்பாய் ஜி3-க்கு வந்து ராணியைத் தாக்கியது. ராணியை நகர்த்தாமல் ருபின்ஸ்டைன் என்ன செய்தார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அந்த ஆட்டத்தின் 21 நகர்வுகளை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்து அந்த இடத்துக்கு வந்து, தாளால் மூடி, நீங்களே தேடுங்கள். அது தருகிற ஆனந்தத்தை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை.

105 ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரியில், நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே. மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் அன்று உலக சாம்பியன். எதிரே லெவோன் அரோனியன். இங்கும் ஆனந்துக்குக் கறுப்பு, பி7-ல் ஒரு மந்திரி, ஜி4-ல் குதிரை. இங்கும் வெள்ளை எஃப் சிப்பாயை எஃப்4-க்குத் தள்ளியது. இரண்டு நகர்வு கழித்து ஆனந்த் இன்னொரு மந்திரியைச் சி5-ல், வெள்ளைச் சிப்பாய் வெட்டக்கூடிய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். அடுத்த நகர்வில் ஒரு குதிரையையும் இ5-ல் வெட்டுக்கு நீட்டினார். மந்திரி டி4-ஐ வெட்டிச் செக் சொல்ல, ராஜா எச்1 மூலைக்கு ஒதுங்கினார். அரோனியனின் குதிரை எஃப்8-ல் யானையை வெட்டியது. அந்த நஷ்டத்தைப் பொருட்படுத்தாமல் ஆனந்த் ஒரு சிப்பாயை அமைதியாக எஃப்5-க்கு நகர்த்தினார். 23-ஆம் நகர்வில் மந்திரி இ3-க்கு வந்ததும் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகெங்கும் சதுரங்கம் அறிந்தவர்கள் உடனே ருபின்ஸ்டைனின் ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

இரண்டு ஆட்டங்களின் தொடக்க நகர்வுகள் வேறு. சிப்பாய்கள் நின்ற விதம் வேறு. ஒற்றுமை காரணத்தில் இருக்கிறது. எஃப் சிப்பாய் நகர்ந்தது, ஜி1 பாதை திறந்தது, மூலையில் இன்னொரு பாதை முடிகிறது. ருபின்ஸ்டைனின் நகர்வுகளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அரோனியனின் பலகையில் எதுவும் தெரிந்திருக்காது. அந்த யோசனைக்கான விதை 2012-ல் கெல்ஃபாண்டுக்கு எதிரான உலக சாம்பியன் போட்டிக்காக ஆனந்த் வீட்டில் செய்த தயாரிப்பிலேயே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேதைமை வானத்திலிருந்து விழவில்லை.

அடுத்தவர் ஆட்டத்தைப் படித்துக் கற்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1829-ல் மதராஸில் அச்சான நூல் ஒன்று இருக்கிறது. குலாம் காசிம் என்ற மதராஸ்வாசியும் ஜேம்ஸ் காக்ரேன் என்ற கம்பெனி அதிகாரியும் சேர்ந்து எழுதியது. முசியோ கேம்பிட் என்ற தொடக்கத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறது. கூடவே, மதராஸும் ஹைதராபாத்தும் கடிதம் வழியே ஆடிய இரண்டு ஆட்டங்களும் அதில் உண்டு. கடிதத்தில் ஆடுகிறவருக்கு எதிராளியின் பதில் வந்துசேரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த நகர்வை மூடி வைக்கும் வேலையைத் தபாலே செய்துவிட்டது.

நவீன காலத்துக்கு வந்தால் மானுவல் ஆரோன். 1935-ல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959-க்கும் 1981-க்கும் இடையே 9 முறை தேசிய சாம்பியன். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். டி க்ரூட்டின் சோதனையில் வாய்விட்டு யோசித்த அதே மேக்ஸ் யூவேயை 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் தோற்கடித்தவர். நாட்டில் பலர் பழைய இந்திய விதிகளின்படியே ஆடிக்கொண்டிருந்த காலம் அது. பயிற்சியாளர் என்ற சொல்லுக்கே இடமில்லாத சூழலில் ஒருவர் அந்த உயரத்தை எட்ட, அச்சில் வந்த ஆட்டங்களை விட்டால் வேறு ஆசான் கிடையாது. 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் மிகயீல் தால் சதுரங்க மன்றம் தொடங்கப்பட்டது அவர் முயற்சியால்தான். சிறுவன் ஆனந்த் அங்கேதான் ஆடி வளர்ந்தான்.

ஆனாலும் ஆனந்தின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி சென்னையில் நடக்கவில்லை. 1970-களின் கடைசியில் அவருடைய தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் தினமும் மதியம் ஒரு சதுரங்க நிகழ்ச்சி. பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா சுசீலா நிகழ்ச்சியைப் பார்த்து ஆட்டங்களையும் கடைசியில் கேட்கும் புதிரையும் தாளில் எழுதி வைப்பார். பையன் வீட்டுக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள். விடையை அனுப்பினால் பரிசு ஒரு புத்தகம். ஆனந்த் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்ததில், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு போ, இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். அந்தத் தாளில் கேள்வி மட்டும் இருந்தது, விடை இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நேரடியான சோதனை ஒன்று உண்டு. 2007-ல் நெதர்லாந்தில் அனிக் டி ப்ரூயினும் சக ஆய்வாளர்களும் சதுரங்கத்துக்குப் புதியவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்யும் முடிவாட்டத்தைக் கணினி ஆடிக் காட்டும். முதல் குழு வெறுமனே பார்த்தது. இரண்டாம் குழு ஒவ்வொரு முறையும் கணினி அடுத்து என்ன ஆடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூன்றாம் குழு நகர்வைச் சொல்வதோடு, அது ஏன் என்ற காரணத்தையும் தனக்குத் தானே விளக்க வேண்டும். பார்த்த ஆட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த முடிவாட்டத்தின் தத்துவத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது மூன்றாம் குழு.

பார்ப்பதில் உள்ள ஆபத்து, எல்லாம் புரிவதுபோல இருப்பது. காப்பாபிளாங்கா ராஜாவை ஜி3-க்கு வைத்ததும் ‘அட, சரிதான்’ என்று தலையாட்டுகிறோம். தலையாட்டியது வேறு, கண்டுபிடித்தது வேறு. முன்பே ஒரு நகர்வை எழுதியிருந்தால், அது தவறாக இருந்திருந்தால், ‘நான் ஏன் சி3-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான் நினைவில் தங்குகிறது. யூடியூபில் ஒரு மாலை முழுக்க விளக்கக் காணொளிகளை ஓடவிடும் பிள்ளைகளிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: காணொளியை நிறுத்து, நகர்வைச் சொல், காரணத்தைச் சொல், பிறகு ஓடவிடு.

நீல் சார்னஸ் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டக்காரர்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்று கேட்டது. போட்டிகளில் ஆடுவது, பயிற்சியாளரிடம் கற்பது என எல்லாவற்றையும்விட, தனியாக உட்கார்ந்து பலகையோடு படித்த நேரமே திறமையை அதிகம் தீர்மானித்தது. கிராண்ட்மாஸ்டர்கள் முதல் பத்தாண்டுகளில் இப்படிப் படித்தது சுமார் 5,000 மணி நேரம். நடுத்தர ஆட்டக்காரர்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. மணிக்கணக்கு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. கோபேயும் கியெர்மோ காம்பிதெலியும் 2007-ல் அர்ஜென்டினாவில் கணக்கெடுத்தபோது, ஒருவர் சுமார் 3,000 மணி நேரத்தில் மாஸ்டர் நிலையை எட்டியிருந்தார், இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தொடங்கும் வயது, இயல்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த இடைவெளியை உண்டாக்குகின்றன.

படித்த வடிவங்களே கண்ணை மறைக்கும் சமயமும் உண்டு. 2008-ல் மெரிம் பிலாலிச்சும் சக ஆய்வாளர்களும் நுட்பமான ஒரு நிலையைத் தயாரித்தார்கள். ராஜாவைத் தன் காய்களுக்குள்ளேயே அடைத்துக் குதிரையால் மேட் செய்யும் பழைய தந்திரம் அதில் ஐந்து நகர்வில் பலிக்கும். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அது பளிச்சென்று தெரியும். அதே நிலையில் மூன்றே நகர்வில் முடிகிற வேறொரு மேட்டும் ஒளிந்திருந்தது. இதைவிடச் சுருக்கமான வழி உண்டா என்று கேட்டபோது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவர்கள் உளமாரச் சொன்னார்கள். கண் எங்கே போகிறது என்பதைக் கருவி பதிவுசெய்தது. கண்கள் பழைய தந்திரத்துக்கான கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தன. பழைய தந்திரம் பலிக்காதபடி ஒரு காயை மாற்றி வைத்ததும், அவர்களே மூன்று நகர்வு மேட்டை எளிதில் கண்டுபிடித்தார்கள். இந்தக் குழி ஆட்டக்காரரின் தரம் உயர உயரச் சிறிதாகிக்கொண்டே போகிறது. ஆகவே இதற்கு மருந்து குறைவாகப் படிப்பது ஆகாது. ஒவ்வொரு வடிவத்தோடும் அது எப்போது பலிக்கும், எந்த ஒரு காய் இடம் மாறினால் பலிக்காது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நல்ல உரையாசிரியர்கள் இதைத்தான் செய்கிறார்கள். செர்னெவ் 1957-ல் எழுதிய இன்னொரு நூலில் 33 ஆட்டங்களின் ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அவருடைய சில விளக்கங்களைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு நகர்வைக்கூட விடாமல் ‘ஏன்’ என்று கேட்கப் பழக்கியதில் அந்த நூலுக்கு இணை குறைவு.

கணினி வந்த பிறகு இதெல்லாம் தேவையா என்று கேட்பார்கள். ஆல்பாஸீரோ என்ற நிரல் எந்த மனிதரின் ஆட்டத்தையும் பார்க்கவில்லை. விதிகளை மட்டும் கொடுத்தார்கள், தனக்குத் தானே ஆடிக் கற்றது. உண்மைதான். 9 மணி நேரப் பயிற்சியில் அது ஆடியது 4 கோடியே 40 லட்சம் ஆட்டங்கள். ஒரு பிள்ளை தினமும் 10 ஆட்டம் ஆடினால் அந்த எண்ணிக்கையைத் தொட 12,000 ஆண்டுகள் வேண்டும். நமக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அதனால்தான் ருபின்ஸ்டைனும் காப்பாபிளாங்காவும் தங்கள் ஆயுளைக் கொடுத்துத் தெரிந்துகொண்டதை நாம் ஒரு மாலையில் வாங்கிக்கொள்கிறோம்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியனான சென்னை குகேஷின் பயிற்சியும் இதைத்தான் சொல்கிறது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500-ஐ நெருங்கும் வரை அவரைக் கணினி எஞ்சினைத் தொடவிடவில்லை. எஞ்சின் விடையை உடனே சொல்லிவிடும். யோசிக்கும் பழக்கம் உருவாகும் முன்பே விடை கைக்கு வந்துவிடும். பிறகு குகேஷ் ஒரு ஆய்விலும் பங்கேற்றார். ஆல்பாஸீரோவின் உள்ளே, மனிதர் இதுவரை அறியாத கருத்துகள் இருக்கின்றனவா என்று தேடிய ஆய்வு அது. கண்டெடுத்த கருத்துகளை நான்கு தலைசிறந்த கிராண்ட்மாஸ்டர்களுக்குக் கற்பித்துப் பார்த்தார்கள். முதலில் நிலைகளைக் கொடுத்து அவர்களையே நகர்வைச் சொல்லச் சொன்னார்கள். பிறகு இயந்திரத்தின் நகர்வைக் காட்டினார்கள். அதன் பின் அதே கருத்து ஒளிந்திருக்கும் புதிய நிலைகளைக் கொடுத்தார்கள். நால்வரும் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். மணிலாவில் ஒரு தாய் தாளில் எழுதி வைத்த புதிருக்கும் இதற்கும் முறையில் எந்த வித்தியாசமும் இல்லை. எதிரே இருந்த வல்லவர்தான் மாறியிருக்கிறார்.

இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழகத்தினர். ஆனால் பேர்பெற்ற பயிற்சிக்கூடங்கள் பெரும்பாலும் சென்னையில். ராமேசுவரத்திலிருந்து அது ஓர் இரவு ரயில் பயணம். தொண்டியிலோ ஏர்வாடியிலோ மண்டபத்திலோ, பள்ளிப் போட்டியில் வட்ட அளவில் ஜெயிக்கும் ஒரு சிறுமிக்கு அடுத்த படி எங்கே என்று தெரிவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பயிற்சியாளர்களைக் கொண்டுவருவது அரசும் சங்கங்களும் செய்ய வேண்டிய வேலை, அதை அவர்கள் செய்தாக வேண்டும். அதுவரை அந்தச் சிறுமி காத்திருக்கத் தேவையில்லை. காப்பாபிளாங்காவின் ஆட்டங்கள் மயிலாப்பூருக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவே தங்கச்சிமடத்துக்கும். லிசெஸ் போன்ற தளங்களில் லட்சக்கணக்கான ஆட்டங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கும் நடுவில் கோடை விடுமுறை வரும். அந்த இரண்டு மாதத்தில் நூறு ஆட்டங்களைப் புரட்ட வேண்டாம். ஒரே ஆட்டக்காரரைப் பிடித்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள் போதும். முதலில் காப்பாபிளாங்கா, ஏனென்றால் அவருடைய திட்டம் கண்ணுக்குத் தெரியும். அவருடைய யானை முடிவாட்டங்கள் பழகிய பிறகு ருபின்ஸ்டைன். சென்னை மன்றத்துக்குப் பெயர் தந்த தாலின் தீப்பொறி ஆட்டங்கள் ஆசை காட்டும். அவற்றைச் சற்றுத் தள்ளி வைக்கலாம், ஏனென்றால் அங்கே காரணங்கள் கணக்கின் அடியில் புதைந்து கிடக்கின்றன. தொடக்க நகர்வுகளை வேகமாகக் கடந்துவிட்டு, பத்தாவது பன்னிரண்டாவது நகர்விலிருந்து, ஜெயித்தவர் பக்கம் உட்கார்ந்து மூடி மூடி ஆட வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் நோட்டில் ஒரு வரி. எஞ்சினைக் கேட்பது கடைசியில், ஆட்டம் முழுவதும் எழுதி முடித்த பிறகு.

பலகையில் காய் நகர்த்தும் கையே தாளையும் பிடித்திருந்தால் கண் கீழே நழுவிவிடும். வேறொருவர் பிடிப்பது நல்லது. அவருக்குச் சதுரங்கம் தெரிந்திருக்கவும் வேண்டாம். ‘ராஜா ஜி3’ என்று படிக்கத் தெரிந்தால் போதும். அம்மாவோ அக்காவோ தம்பியோ யாராக இருந்தாலும், பிள்ளை தன் நகர்வையும் காரணத்தையும் எழுதி முடித்தபின்தான் அடுத்ததைப் படித்துச் சொல்வேன் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்க வேண்டும்.